தீவுக்குப் போகும் சேலை

அத்தியாயம் 11

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் பெட்டியையும் ஓர் ஊரில் போய் இருக்கப் போகிறவர்களின் பெட்டியையும் திறந்து பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் பெட்டியில் போட்டோவுக்கென்று எடுத்து வைத்த துணி இருக்கும். இரண்டாவதில் சாயம் போன நைட்டி இருக்கும்.

திலகவதியின் பெட்டியில் அன்று காலை நைட்டிகளுக்கு நடுவே ஒரு தோசைக்கல் இருந்தது.

"அண்ணி, இரும்புக் கல்லு. இத்த ஏரோப்ளேன்ல விடுவானா?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

"கைப்பையில வச்சாதான் விட மாட்டானாம். பெட்டியில போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டான். சுபாவாண்ட கேட்டுட்டேன்."

"ஷெபாலி தீதியாண்டதான் கல்லு இருக்குதே."

"அது ரொட்டிக் கல்லு. அதுல தோசை ஊத்தி, ஒன்றரை மாசமும் பிச்சுப் பிச்சுத் தின்னது மறந்துடுச்சா உனக்கு?"

பாஞ்சாலை சிரித்தாள். மறக்கவில்லை. பிய்ந்த தோசையை ஷெபாலி தீதி மீன் குழம்பில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் தோசை என்று அந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்ததும் மறக்கவில்லை. அந்தத் தப்பைத் திருத்தவாவது கல் போக வேண்டும்.

இந்த வாரம்தான் நம் கதைக்குள் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழசைச் சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்து படிக்கிறவர்கள் அதற்குள் போய் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

ஆரணி கொசப்பாளையத்தில் ஜெயக்குமார் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகள். மனைவி திலகவதி. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட தங்கை பாஞ்சாலை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே சமையலறையில் இரண்டு உப்பு ஜாடிகள் இருந்தன. அவ்வளவு சொன்னால் போதும், உங்களுக்குப் புரியும்.

போன வருடம் சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுபலட்சுமி, அப்பா அம்மா இருவருக்கும் அந்தமான் டூர் ஏற்பாடு செய்தாள். ஐந்து நாளில் அத்தனையும் காட்டிவிடும் டூர். கிளம்புகிற வாரத்தில் ஜெயக்குமார், "பாவு ஏத்தியாச்சு" என்றார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழை. ஒரு பாவு ஏற்றினால் அதில் அடுத்தடுத்துச் சில சேலைகள் இறங்கும். கடைசிச் சேலையை அறுத்து இறக்கும் வரை ஏற்றியவர் ஊரைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டவர் ஜெயக்குமாரின் அப்பா. அதை வசதியாக வைத்துக்கொண்டவர் ஜெயக்குமார். எங்கேயாவது போக வேண்டியிருந்தால் அதற்கு முந்தின வாரம் அவர் தறியில் பாவு ஏறிவிடும்.

அப்பா இடத்தில் அத்தை போனாள். நீல் தீவில் ஒரு ராத்திரி தங்கினார்கள். மறுநாள் கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றது. பாஞ்சாலைக்குக் காய்ச்சல் கண்டது. கப்பல் ஓட ஆரம்பித்ததும் டூர் கூட்டம் கிளம்பிப் போய்விட, எழுந்து உட்காரக்கூட முடியாத நாத்தனாரோடு திலகவதி மட்டும் தங்கிவிட்டாள். அறையை வாடகைக்கு விட்டிருந்த வங்காளத்து அம்மா, அக்கா என்ற பொருளில் எல்லோரும் தீதி என்று கூப்பிடும் ஷெபாலி, இரண்டு பேரையும் தன் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. இவர்கள் ஒன்றரை மாதம் கழித்துத்தான் ஊர் வந்தார்கள். அப்படி அங்கே என்னதான் இருந்தது என்று கொசப்பாளையத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. வந்த மறுநாள் திலகவதி உப்பு ஜாடிகளில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

இன்று இருவரும் மறுபடி கிளம்புகிறார்கள். மாலை நான்கு மணிக்குக் கார். ராத்திரி சென்னையில் சுபா வீடு, விடியற்காலையில் விமானம்.

"அண்ணனாண்ட சொல்லிட்டியா அண்ணி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் பாஞ்சாலை.

திலகவதி பெட்டியின் ஜிப்பை இழுப்பதில் கவனமாக இருந்தாள்.

"சொல்லலையா இன்னும்?"

"காபி குடுக்கும்போது சொல்லலாம்னு போனேன். பேப்பர் படிச்சிகினு இருந்தாரு."

"சாப்பிடும்போது சொல்லு."

"சாப்பாட்டுல உக்காந்துகினு கோவப்பட்டா பாதியில எழுந்துடுவாரும்மா."

"அப்போ கார்ல ஏறினப்புறம் சொல்லு."

"அது சொல்லாம ஓடிப்போற மாதிரி இல்ல?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். ஜெயக்குமார், இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் திரும்புவதற்கு டிக்கெட்டே எடுக்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் வரைக்கும் அங்கேயே இருப்பதாகத் திட்டம். தீதி தோட்டத்தில் பீர்க்கங்காய்ப் பந்தல் போடுவதற்குக்கூட இடம் பார்த்து வைத்தாயிற்று.

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? மீறிப் போகிற ஆள் இல்லை திலகவதி. ஆனால் இரண்டே வாரம்தான் என்றால் போகாமலே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு வாரத்தில் மறுபடியும் விருந்தாளியாகப் போய் விருந்தாளியாகத்தான் திரும்ப முடியும்.

அந்த முதல் நாட்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. வேனிலிருந்து இறங்கு, நில், சிரி, போட்டோ, ஏறு. கடலைப் பார்த்தாள், அதுவும் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததுதான். எல்லோரும் போன பிறகு, நாத்தனாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் கரையில் போய் உட்கார்ந்தபோதுதான், அந்தக் கடல் தினமும் கொஞ்ச நேரம் வற்றி உள்ளே போய்விடும் என்பதே தெரிந்தது. தண்ணீர் போன இடத்தில் முழங்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். குட்டைகளில் நீல மீன்கள் நிற்கும். நாலைந்து நாள் போனால் எந்தக் கல் வழுக்கும் என்று கால் தானாகத் தெரிந்துகொள்ளும். மீன்காரர் இவளுக்கென்று தலையை எடுத்து வைப்பார். சில்லறை இல்லையென்றால் கடைக்காரி, "நாளைக்குக் குடு" என்பாள். நாளைக்கும் இங்கேதான் இருப்பாய் என்று ஒரு ஊர் நம்மிடம் சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தத் தீவை நினைத்தால் இப்போதும் கை தானாகக் கும்பிடப் போகிறது.

"கடவுளே, அவரு வாயில நல்ல வார்த்தை வரணும்" என்று சொல்லிக்கொண்டே ஜிப்பை மூடினாள்.

அந்த நேரம் ஜெயக்குமார் சாமி அறையில் இருந்தார். சாமி கும்பிட அல்ல. படத்துக்குக் கீழே மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த சேலையைப் பார்க்க.

ஷெபாலி தீதிக்கென்று திலகவதியும் பாஞ்சாலையும் நெய்த சேலை அது. பின்கட்டுத் தறியில் ஓடிய பாவின் கடைசிச் சேலையைத் தங்களுக்கு விட்டுவிடச் சொல்லி வாங்கி, காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி என்று மாதக் கணக்கில் நெய்தார்கள். பாவில் ஏறியிருந்தது கரும்பச்சை. குறுக்கே ஓடும் ஊடை இழையை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கடல் வற்றும் நேரத்துத் தண்ணீர் நிறம் வேண்டும் என்று கேட்டு, சாயக்காரரைப் பேஜார் பண்ணி, மூன்றாவது முறைதான் சரி என்றார்கள். முடிகிற வரை நீங்கள் பார்க்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. நேற்றுதான் அறுத்து இறக்கினார்கள்.

நெசவுக்காரர் ஒருவரால் வீட்டில் ஒரு புதுச் சேலையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியும்? ஒரு ராத்திரி இருந்ததே பெரிய விஷயம்.

ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு மடிப்பைப் பிரித்துப் பிடித்தார். அவர் முகம் மாறிவிட்டது.

சேலையில் பட்டை பட்டையாக ஓடியது. ஒரு சாண் லேசாக, அடுத்த சாண் நெருக்கமாக, மறுபடி லேசாக. வேறு யாராவது பார்த்தால் நிழல் என்று விட்டுவிடுவார்கள். ஊடை இழையைப் போட்டபின் பலகையை இழுத்து அடிக்கும் கையின் கனம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே சேலையில் கை மாறினால் மாறிய இடம் தெரியும். அதனால்தான் ஒரு சேலையைத் தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்பார்கள். கை மாறிய சேலையைக் கடைக்காரர் தள்ளித்தான் வைப்பார்.

"அந்த அம்மாவுக்குப் போய் இதையா குடுக்கறது?" என்று தனக்குள்ளேயே சொன்னார் ஜெயக்குமார்.

அவரை அவசரக்காரர் என்று சொல்லலாம், நன்றி கெட்டவர் என்று சொல்ல முடியாது. உடன்பிறந்தவள் முன்பின் தெரியாத ஊரில் காய்ச்சலில் கிடந்தபோது, போனில் பாஷை தெரியாத ஒருத்தி, "சாப்பிட்டா, சாப்பிட்டா" என்று ஒரே தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு தினமும் அவருக்குத் தகவல் சொன்னாள். போனை வைத்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டிலிருந்து குற்றமுள்ள சேலை போவதா?

அலமாரியைத் திறந்து, இந்த வருடம் தாம் நெய்ததிலேயே சிறந்த சேலையை எடுத்தார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கடைக்குக் கொடுக்க மனசில்லாமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தது. அதை மஞ்சள் துணியில் சுற்றிப் படத்துக்குக் கீழே வைத்தார்.

சேலைகளை எடுத்துப் போக அனந்தகுமார் நயினார் கடையிலிருந்து தென்னரசு வண்டியில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். கடைக்குப் போக வேண்டிய சேலைகளோடு பச்சைச் சேலையையும் சேர்த்துக் கொடுத்தார்.

"இது கை மாறினது தென்னரசு. செகண்ட்ஸுன்னு சொல்லிக் குடு. நயினாரு இன்னா விலை போட்டாலும் சரி. ஜல்தி போ."

நல்ல காரியம் செய்த நிம்மதியோடு குளிக்கப் போனார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. திலகவதி அப்போதும் சொல்லவில்லை. ரசம் ஊற்றும்போது ஒரு தடவை வாயைத் திறந்தாள், "அப்பளம் இருக்கா?" என்று அவர் கேட்டார், பேச்சு அப்பளத்தோடு போய்விட்டது.

சேலையோடு வெற்றிலை பாக்கு வைத்துக் கட்டலாம் என்று பாஞ்சாலை சாமி அறைக்குப் போனாள். மஞ்சள் துணியைப் பிரித்தவள், "அண்ணி!" என்று கூப்பிட்ட குரலில் திலகவதி கரண்டியோடு ஓடி வந்தாள்.

பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஜெயக்குமார் பெருமையாகத்தான் வந்து நின்றார். "நான்தான் மாத்தி வச்சேன். நல்லதாக் குடுங்க அவங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் நெய்தது கோடு கோடா இருக்குது."

"அது எங்க?" என்றாள் திலகவதி.

"நயினாரு கடைக்கு அனுப்பிட்டேன்."

திலகவதி கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"இன்னா திலகா, இதுக்குப் போய்… உங்களுக்குச் சோறு போட்ட கையாச்சே, குத்தமுள்ளதக் குடுக்கலாமான்னுதான்…"

"குத்தம் இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "அது அவங்களுக்குன்னே ஒக்காந்து நெய்ததுங்க. கோடு தெரிஞ்சா தெரியட்டும்னுதான் நெய்தோம். ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களுக்கு எல்லாத்துக்கும் ஜல்தி."

முப்பது வருடத்துக்கும் மேல் அவளோடு குடும்பம் நடத்தியவருக்கு, அவள் கோபம் எப்படியிருக்கும், சலிப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். இது இரண்டுமில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

பாஞ்சாலை மஞ்சள் சேலையை மடித்துப் பைக்குள் போட்டாள். "அண்ணா, வண்டிய எடு. இத்த வச்சி மாத்திகினு வரலாம். கடைக்காரரு வித்துட்டாருன்னா நான் அங்கயே ஒக்காந்துடுவேன்."

ஸ்கூட்டர் கொசப்பாளையத்திலிருந்து பஜாருக்குப் போகும் வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார் ஜெயக்குமார்.

"அங்க ஹாரன் சத்தமே கேக்காது" என்றாள் பின்னாலிருந்து பாஞ்சாலை.

"ஏம்மா, நான் தெரியாமத்தான் கேக்கறேன். பார்த்த ஊருதானே? மறுபடியும் எதுக்குப் போறது? பார்க்காத ஊரு எவ்வளவோ இருக்குது."

"நம்மூரு பக்கத்துல இருக்கற திருமலைச் சமணக் கோயிலுக்குப் போனியே அண்ணா, கார்ல. மலைய ஏறி எறங்கி எவ்வளவு நேரத்துல வந்தே?"

"ஒரு மணி நேரம். எல்லாம் பார்த்தாச்சு."

"இன்னா பார்த்தே?"

ஜெயக்குமார் யோசித்தார். "படிக்கட்டு இருந்தது" என்றார்.

பாஞ்சாலை சிரிக்கவில்லை. "நானும் அண்ணியும் எத்தினி வருஷமா ஒரே வீட்டுல இருந்தோம். அவங்க பாடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அங்க போய்த்தான் தெரிஞ்சுது. கரண்டு போயிடும், மழை பெய்யும், ஒரு வேலையும் இருக்காது. தின்னுட்டு ஒக்காந்துகினு இருப்போம். மொத நாலு நாளு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கல. அப்புறம் எவ்வளவு நேரந்தான் மழையவே பார்க்கறது? பேச ஆரம்பிச்சோம். இங்க எங்களுக்குச் சண்டை போடக்கூட நேரமில்லாம இருந்துச்சு அண்ணா. அங்க சண்டையும் போட்டு முடிச்சோம், சமாதானமும் ஆனோம்."

லாரி நகர்ந்தது. ஜெயக்குமார் ஹாரன் அடிக்காமல் ஓட்டினார்.

அனந்தகுமார் நயினார் கடையில் வெள்ளை மெத்தை விரிப்பின் மேல் ஏழெட்டுச் சேலைகள் பிரிந்து கிடந்தன. அவற்றின் நடுவே பச்சைச் சேலை இல்லை. அது கண்ணாடி முன்னால் நின்ற ஒரு பெண்ணின் தோளில் இருந்தது.

"நயினாரே, அந்தப் பச்சை…" என்றார் ஜெயக்குமார் மூச்சு வாங்க.

"வாங்க ஜெயக்குமார். தெள்ளார்லேர்ந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்திருக்காங்க. செகண்ட்ஸுன்னு சொல்லிட்டேன், அவங்க காதுல போட்டுக்கல. புது டிசைனான்னு கேக்கறாங்க."

கல்யாணப் பெண்ணின் அம்மா திரும்பினாள். "எங்க பொண்ணு எத்தக் காட்டினாலும் வேணான்னுகினு இருந்தா. இத்தத் தோள்ல போட்டதுக்கப்புறம் கழட்ட மாட்டேங்குறா. இந்தப் பட்டை பட்டையா வர்றது அழகா இருக்குதுங்க."

நாற்பது வருட அனுபவத்தில் தன் வீட்டுச் சேலையைத் தானே மட்டம் தட்டிப் பேச வேண்டிய நிலைமை ஜெயக்குமாருக்கு வந்ததில்லை. வந்துவிட்டது.

"அழகில்லம்மா அது, தப்பு" என்றார். "குடு பாப்பா, காட்டறேன்."

சேலையை வாங்கி விரிப்பின் மேல் உள்தலைப்பிலிருந்து பிரித்தார். "இதோ பாருங்க. இது ஒரு கை. லேசா அடிச்ச கை. இது எங்க வீட்டம்மா. இங்க கை மாறுது, தெரியுதுங்களா? இது என் தங்கச்சி. சின்ன வயசுலேர்ந்து இவளுக்குக் கை கனம், நெருக்கி அடிப்பா. இங்க மறுபடியும் எங்க வீட்டம்மா. இதோ இங்க தங்கச்சி. சேலை முழுக்க இந்தக் கதைதான். இத்தப் போய் கல்யாணத்துக்கு எடுக்கலாமா? இந்தாண்ட வாங்க, இதோ இங்க…"

நிறுத்தினார்.

சேலையை இன்னும் ஒரு முழம் இழுத்தார். இன்னொரு முழம். விரலை வைத்து நீவினார். எழுந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய் இரு கையாலும் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தப்பினாலும் அவர் கைக்குத் தப்பாது.

"இது யாரு?" என்று பாஞ்சாலையிடம் கேட்டார். "நீயா, அவளா?"

"தெரியலண்ணா."

"தெரியலன்னா? இங்க எங்கயோ கை மாறியிருக்கணுமே."

"மாறிச்சு. தினமும்தான் மாத்தி மாத்தி ஒக்காந்தோம். எங்கன்னு எங்களுக்கே தெரியல. முந்தானை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அப்படி ஆயிடுச்சு."

ஜெயக்குமார் சேலையைக் கையில் பிடித்தபடி கடை வாசலிலேயே நின்றார்.

கல்யாணமான புதிதில் அவரும் திலகவதியும் ஒரே தறியில் மாறி மாறி நெய்ததுண்டு. அந்தச் சேலையை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. உள்தலைப்பிலிருந்து முந்தானை வரை கோடு போகவேயில்லை. உன் கை சரியில்லை என்று சொல்லி அவளைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார். கடைக்குக் கொடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. அதோடு சரி. இன்னொரு சேலை சேர்ந்து நெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"யாருக்குங்க இது?" என்று மெதுவாகக் கேட்டாள் தெள்ளார் அம்மா.

பாஞ்சாலை சொன்னாள். தீவு, காய்ச்சல், தீதி எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். கல்யாணப் பெண் கேட்டுக்கொண்டே வந்து சேலையின் மறு முனையைப் பிடித்து, ஜெயக்குமாரோடு சேர்ந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அவங்களுக்கே குடுங்க" என்றாள். "எனக்கு வேற பார்த்துக்கறேன்."

ஜெயக்குமார் பையிலிருந்த மஞ்சள் சேலையை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார். "இது ஒரே கை பாப்பா. என் கை. ஒரு குத்தம் சொல்ல முடியாது. உனக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கோ. நல்லா இருப்பே."

பெண்ணுக்குப் பிடித்திருந்தது. நயினாருக்கும் பிடித்திருந்தது, இந்தச் சேலைக்காக அவர் எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்!

வீட்டு வாசலில் கார் வந்து நின்றிருந்தது. திலகவதி முகம் கழுவி, தலை வாரி, பெட்டி பக்கத்தில் நின்றாள். முகத்தைப் பார்த்தால் கிளம்புகிறாளா, கிளம்பவில்லையா என்று தெரியவில்லை.

ஜெயக்குமார் மஞ்சள் துணியை அவள் கையில் வைத்தார்.

அவள் பிரித்துப் பார்த்தாள். பச்சையைப் பார்த்ததும் அதை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"திலகா, பின்பாதி ரொம்ப நல்லா வந்திருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அவள் நெசவுக்கு இப்படி ஒரு வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.

சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல வேண்டும். "ஏங்க, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது. வந்து… டிக்கெட்டு…"

"திரும்பறதுக்கு எடுக்கல. அதானே?"

திலகவதி பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை, நான் இல்லை என்று தலையாட்டினாள்.

"யாரும் சொல்லல" என்றார் ஜெயக்குமார். "காலையில பெட்டிய ஓரமா வைக்கலாம்னு தூக்கினேன். இடுப்பு புடிச்சிகிச்சு. இன்னாடா இதுன்னு பார்த்தா தோசைக்கல்லு. ரெண்டு வாரத்துக்குப் போறவங்க யாருன்னா தோசைக்கல்ல எடுத்துகினு போவாங்களா?"

"காலையிலயே தெரியுமா? ஏன் கேக்கல?"

"கேட்டுச் சண்டை போடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இந்தச் சேலை வந்துடுச்சு." பெட்டியைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தார். "இருந்துட்டு வாங்க. உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ வாங்க. சோத்துக்கு நான் பார்த்துக்கறேன்."

திலகவதி நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருங்க" என்றாள். மனைவி கணவனுக்குச் சொல்கிற வார்த்தை இல்லைதான். ஆனால் அவளுக்கு அதுதான் வந்தது.

"தீதியாண்ட நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லு."

"நன்றின்னா அவங்களுக்குக் கோவம் வருங்க. அவங்க வீட்டுல ஒக்காந்து, வயிறாரச் சாப்பிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்துக்கணும். அதுதான் அவங்களுக்கு நன்றி."

கார் கிளம்பியது. தெருமுனை திரும்புவதற்குள் நின்றது. பாஞ்சாலை ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணா! உன் சேலையத்தான் தெள்ளார் பொண்ணு எடுத்துகினு போயிடுச்சே. தீதிக்கு நீ இன்னா குடுக்கப் போறே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கார் போய்விட்டது.

வெயில் இறங்கும் நேரத்தில் சடையப்பன் சைக்கிளில் வந்தார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக் கொடுப்பவர். அவர் வந்து பிணைத்துவிட்டால் தறி ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் ஜெயக்குமார் ஊரைத் தாண்ட முடியாது.

"நாளைக்குக் காலையில வந்துடட்டுங்களா? பாவு ரெடிதானே?"

ஜெயக்குமார் பின்கட்டைப் பார்த்தார். பாவு சுற்றித் தயாராகத்தான் சுவரோரம் இருந்தது. மற்றத் தறியைப் போலவே அங்கிருந்த தறியும் வெறுமையாக இருந்தது. உட்காரும் பலகையில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்து பளபளத்த இடம் தெரிந்தது.

"நாளைக்கு வேணாம் சடையப்பா."

"நாளன்னிக்கு வரட்டுங்களா?"

"சொல்லி அனுப்பறேன்."

"எப்போன்னு சொல்லுங்க, ஜல்தியா வந்து முடிச்சுக் குடுத்துடறேன்."

"ஜல்தி ஒண்ணுமில்ல" என்றார் ஜெயக்குமார்.

சடையப்பன் இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வந்தார். கிட்டே வந்து ஜெயக்குமாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா முதலாளி?"

ஜெயக்குமார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சென்னையில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

"சுபா, அம்மா வந்து சேர்ந்தா நான் பேசினேன்னு சொல்லாதே. ஒண்ணு கேக்கறேன். அந்தத் தீவுக்கு, திரும்பற டிக்கெட்டு இல்லாம, தனியா ஒரு ஆளுக்குக் குடுப்பானா?"